கடற்பாசி யார் தட்டுக்குப் போகிறது?

புரட்டாசி பிறந்துவிட்டால் டர்பன் தமிழ் வீடுகள் பலவற்றில் மீனும் இறைச்சியும் நின்றுவிடும். தைப்பூசக் காவடிக்கு முந்தைய விரத நாட்களிலும் அப்படித்தான். அந்த நாட்களில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இனிப்பு செய்ய வேண்டுமானால் ஜெலட்டின் ஆகாது. அது விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. கைகொடுப்பது சைனா கிராஸ், அதாவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார். நோன்புக் காலத்தில் பக்கத்து முஸ்லிம் வீட்டுத் தட்டிலும் அதே பண்டம், ரோஸ் நிறத்தில், வில்லை வில்லையாக நறுக்கப்பட்டு வந்து சேரும். கடையில் வாங்கும் அந்தப் பாக்கெட், கப்பலேறி ஆசியாவிலிருந்து வந்தது. அதற்கு மூலப்பொருளாகும் பாசி வகையோ டர்பனுக்குத் தெற்கே, கிழக்கு கேப் மாகாணத்துப் பாறைகளில் விளைகிறது. உள்ளூர்ப் பெண்கள் அதைக் கையால் பறித்து, வெயிலில் உலர்த்தி, கிலோக் கணக்கில் விற்கிறார்கள். அங்கிருந்து அது ஏற்றுமதியாகிறது.

கடற்பாசியைக் கரையோர மக்களின் உணவாக்கலாம் என்ற பேச்சு இப்போது உலகம் முழுவதும் கேட்கிறது. நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம், உரம் வேண்டாம். விதைத்தால் விளையும் என்கிறார்கள். இவை மூன்றும் உண்மைதான். ஆனால் தென்னாப்பிரிக்காவில் நம் முன்னால் இருக்கும் கேள்வி பாசியை உண்ணலாமா என்பதல்ல. பாறையிலிருந்து அதைப் பறிக்கும் உரிமை யாருக்கு, அது வளரும் தண்ணீர் எத்தகையது, பறித்தது எந்தத் தட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பவைதான் கேள்விகள். இவற்றுக்கு விடை காணாமல் பாசியைப் 'எதிர்கால உணவு' என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு நீரோட்டங்கள், இரண்டு கடல்கள்

இந்த நாட்டின் கடற்கரையை ஒரே கரையாக நினைத்தால் எதுவும் புரியாது. மேற்கே அட்லாண்டிக் பக்கம் பெங்குவேலா நீரோட்டம். அங்கே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் சத்துகளோடு மேலெழுகிறது. அந்தச் சத்தில்தான் கெல்ப் என்னும் பெரும் பழுப்புப் பாசி காடாக நிற்கிறது. 'கடல் மூங்கில்' என்று அங்கே அழைக்கப்படும் எக்லோனியா மேக்சிமா பல மீட்டர் உயரம் வளரக்கூடியது. குழல் போன்ற தண்டின் உச்சியில் காற்று நிறைந்த குமிழ், அதிலிருந்து நீர்மட்டத்தில் விரியும் நீண்ட இலைகள். கேப் டவுனுக்குப் போகிறவர்கள் கரையில் சவுக்குபோல் ஒதுங்கிக் கிடக்கும் அந்தத் தண்டுகளைத் தாண்டாமல் நடக்க முடியாது.

கிழக்கே, நம் டர்பன் பக்கம் ஓடுவது அகுல்ஹாஸ் நீரோட்டம். வெதுவெதுப்பானது, தெளிந்தது, சத்துக் குறைந்தது. அதனால் இங்கே கெல்ப் காடு இல்லை. ஆனால் வகைகளுக்குக் குறைவில்லை. நாடு முழுவதும் 800க்கும் மேற்பட்ட கடற்பாசி இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் மிகப் பல இந்தக் கிழக்குக் கரையில் உள்ளவை. புளஃப் மேட்டின் அடியிலுள்ள ட்ரெஷர் பீச்சில் வற்றத்தின்போது பாறைக் குட்டைகளைக் குனிந்து பார்த்தால் போதும். மேலே வழுக்கும் பச்சை உல்வா, தண்ணீருக்குள் பழுப்பு நிறச் சர்காசம், விளிம்புகளில் சுண்ணாம்பு படிந்து இளஞ்சிவப்பாய் நிற்கும் பவளப்பாசி. எல்லாம் சிறியவை, கலந்து வளர்பவை. கண்ணுக்கு விருந்து, அறுவடைக்குக் கடினம். மேற்கே ஒரே இனம் ஏக்கர் ஏக்கராக நிற்கும். கிழக்கே ஒரு பாறையில் பத்து இனம் நெருக்கியடித்து நிற்கும். டர்பனில் பாசித் தொழில் வளராமல் போனதற்கு முதல் காரணம் இந்த இயற்கைதான்.

பாறையில் பறிக்கும் கைகள்

கிழக்கு கேப் பெண்கள் பறிக்கும் பாசியின் பெயர் ஜெலிடியம் பிரிஸ்டாய்டிஸ். கருஞ்சிவப்பு; இலை விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். அலை வந்து மோதும் பாறையின் நடுப்பகுதியில் கொத்துக் கொத்தாக முளைக்கும். வெறும் பாறையைவிட லிம்பெட் என்னும் கூம்புச் சிப்பியின் முதுகிலும், பாறையில் ஒட்டி வாழும் ஓட்டுயிரியான கொட்டலசுகளின் மேலும் இது நன்றாகப் பற்றிக்கொள்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நாட்களில்தான் இதை எட்டிப் பறிக்க முடியும். சில மணி நேரமே கிடைக்கும். அதற்குள் அலைக்கு முதுகு காட்டாமல், வழுக்காத இடம் பார்த்துக் கால் ஊன்றிப் பறித்துப் பையை நிரப்ப வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கையால் பறிக்கும்போது மேல்கொத்து வந்துவிடும். பாறையோடு ஒட்டிப் படர்ந்திருக்கும் அடிக்கொடி தங்கிவிடும். அந்த அடிக்கொடியிலிருந்து கொத்து மீண்டும் தழைக்கிறது. சுரண்டி எடுத்தால் அடியும் போய்விடும், அது பற்றியிருந்த சிப்பியும் போய்விடும். 1950களில் தொடங்கிய இந்த அறுவடை இத்தனை காலமும் நீடித்ததற்கு அந்தக் கைப்பக்குவம் பெரிய காரணம். நீடித்த பயன்பாடு என்று மாநாடுகளில் பேசப்படுவதை, கூலிக்குப் பாசி பறிக்கும் பெண் அலைக்கு நடுவே செய்து காட்டுகிறாள். அவளுக்குக் கிடைப்பது உலர்ந்த பாசியின் விலை மட்டும். அதிலிருந்து அகார் காய்ச்சி, உறைய வைத்து, உலர்த்திப் பொடியாக்கும் வேலையும் அதன் இலாபமும் கடல் கடந்த ஆலைகளுக்கு.

அகார் எப்படிப்பட்ட பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சைனா கிராஸை ஊறவைத்துக் காய்ச்சினால் ஏறத்தாழ 85 டிகிரி செல்சியஸில்தான் கரையும். ஆனால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போதே இறுகிவிடும். ஒருமுறை இறுகியது டர்பனின் தை மாதப் புழுக்கத்திலும் உருகாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்திலேயே நம் பாட்டிமார் அதைத் தட்டில் ஊற்றி வில்லை போட முடிந்தது அதனால்தான். ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தபோது கிருமி வளர்க்கும் ஊடகமாக அகாரைக் குறிப்பிட்டதற்கும் இதே குணம்தான் காரணம். உடல் வெப்பத்தில் ஜெலட்டின் உருகிவிடும், அகார் உருகாது. இன்றும் உலகின் ஒவ்வொரு மருத்துவ ஆய்வகத்துக்கும் அது தேவை. அத்தனை மதிப்புள்ள பொருளின் மூலம் நம் கரையிலிருந்து வெறும் உலர்சரக்காக வெளியேறுகிறது.

சிப்பிக்குப் போகும் கீரை

மேற்கே அறுக்கப்படும் கெல்ப்பில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்குப் போவதில்லை. ஒரு பகுதி திரவ உரமாகிறது. தென்னாப்பிரிக்கக் கெல்ப்பிலிருந்து எடுக்கும் பயிர் ஊக்கிகள் உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. இன்னொரு பகுதி அபலோன் பண்ணைகளுக்குத் தீவனமாகிறது. இங்கே பெர்லமூன் எனப்படும் இந்தச் சிப்பி கிழக்காசிய விருந்துகளுக்கு ஏற்றுமதியாகும் விலையுயர்ந்த சரக்கு. தீவனத்துக்குக் கெல்ப் அறுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. தண்டோடு வெட்டினால் செடி செத்துவிடும். படகிலிருந்தபடி இலைகளை மட்டும் அடிவிட்டு அறுத்தால் அவை மறுபடி வளரும். இரண்டாவது முறை இங்கே பரவியிருப்பது நல்ல செய்தி.

அதைவிட என்னைக் கவர்வது பண்ணைகளுக்குள் நடப்பது. அபலோன் தொட்டிகளிலிருந்து வெளியேறும் நீரில் கழிவின் அம்மோனியா நிறைந்திருக்கும். அதைக் கடலில் விடுவதற்கு முன், நீள்வட்ட வாய்க்கால்களில் ஓடவிட்டு அங்கே உல்வாவை வளர்க்கிறார்கள். துடுப்புச் சக்கரம் சுழன்று சுழன்று தண்ணீரை நகர்த்த, தாள்போல் மெல்லிய பச்சை இலைகள் புரண்டபடி வளர்கின்றன. அம்மோனியாவை உல்வா உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் அதன் புரதம் கூடுகிறது. நீர் சுத்தமாகி ஒரு பகுதி மறுபடி தொட்டிக்கே திரும்புகிறது. வளர்ந்த உல்வா அதே சிப்பிக்குத் தீவனமாகிறது. ஆண்டுக்குச் சுமார் 2,000 டன் உல்வா, ஈர எடையில், இந்த நாட்டில் இப்படி வளர்க்கப்படுகிறது. ஆப்பிரிக்காவில் வேறெங்கும் இந்த அளவில் இந்த நுட்பம் இல்லை. கடல்நீரில் கீரை பயிரிடத் தென்னாப்பிரிக்காவுக்குத் தெரியும். அந்தக் கீரையைச் சிப்பிக்குப் போட்டு, சிப்பியைக் கப்பலேற்றுகிறது.

2016இல் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குன்றியிருந்தார்கள். கடற்கரை மாகாணங்களும் அதில் அடக்கம். இந்த இரண்டு உண்மைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை.

வளர்ப்பு ஒரு பக்கம் இருக்க, இயற்கையாக விளைந்ததை இழந்த கதையும் இங்கே உண்டு. மேற்குக் கரையில் சல்தன்யா விரிகுடாவில் கிராசிலாரியா என்னும் செம்பாசி பெருமளவில் கரை ஒதுங்கும். அதைப் பொறுக்கி உலர்த்துவதே ஒரு தொழிலாக இருந்தது. 1970களில் அங்கே இரும்புத்தாது ஏற்றுமதிக்காகத் துறைமுக மேடையும் அலைதடுப்புச் சுவரும் எழுந்தன. விரிகுடாவின் நீரோட்டம் மாறியது. 1974இல் பாசி வரத்து வீழ்ந்தது. பிறகு பழைய அளவுக்கு நிலையாகத் திரும்பவேயில்லை.

கரையிலிருந்து விலக்கப்பட்டவர்கள்

1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,000க்கும் மேற்பட்ட இந்தியரில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள். ஒப்பந்தம் முடிந்த சிலர் கடலுக்குத் திரும்பினார்கள். டர்பன் விரிகுடாவுக்குள் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, கரைவலை இழுத்து, மீனையும் இறாலையும் உலர்த்தித் தோட்டங்களுக்கு விற்றார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரை புரண்டபோது, 'பதவட்டன் அறுவர்' என்று இன்றும் நினைக்கப்படும் மீனவர்கள் தங்கள் வலைப்படகில் திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சாலிஸ்பரி தீவு கடற்படைக்குத் தேவைப்பட்டது. மீனவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பிறகு, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டம் வந்தது. கடலோரம் வாழ்ந்தவர்கள் மேட்டு நிலத்தில் எழுந்த சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து கடல் தொலைவு. கரைவலை இழுப்பதற்கு விடியற்காலையில் ஆள் திரட்ட முடியாத தூரம். வற்றம் பார்த்துப் பாறைக்குப் போய் வருவது, எந்தக் காலத்தில் எது விளையும் என்று குழந்தைக்குக் காட்டுவது போன்ற பழக்கங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே சாலைகள் நீண்டபோது தேய்ந்தன. நம்மிடையே கடலுணவு என்றால் மத்தியும் ஷாட் மீனும் நண்டுக் குழம்புமாகச் சுருங்கியதில் இந்த வெளியேற்றத்துக்குப் பங்குண்டு என்பது என் முடிவு.

இன்றைய சட்டமும் கரையை நமக்கு எளிதாகத் திறந்துவிடவில்லை. 1998இன் கடல்வாழ் வளச் சட்டத்தின் கீழ், ஆரஞ்சு ஆறு முதல் உம்தம்வுனா ஆறு வரையுள்ள கரை 23 பாசி உரிமைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு வகைப் பாசியை எடுக்கும் வணிக உரிமை அனுமதி பெற்ற ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ தரப்படுகிறது. கட்டுப்பாடில்லாமல் அள்ளுவதைத் தடுத்தது இந்த ஏற்பாட்டின் நன்மை. பறிக்கிறவர் உரிமையாளராக முடியாமல் போனது அதன் குறை. உம்தம்வுனா, குவாசூலு-நட்டாலின் தென் எல்லை. ஆக அந்த 23 பகுதிகளும் நம் மாகாண வாசலோடு நின்றுவிடுகின்றன.

மாற்றத்துக்கான வாசல் ஒன்றும் திறந்திருக்கிறது. மேற்கு கேப்பின் ஏழை மீனவர்கள் கென்னத் ஜார்ஜ் தலைமையில் அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2007இல் சமத்துவ நீதிமன்றம் அவர்களுக்கு இடைக்கால நிவாரணம் அளித்தது. அதன் தொடர்ச்சியாக 2012இல் சிறுமீனவர் கொள்கை வந்தது. தனிமனிதருக்குப் பதில் ஊர்க் கூட்டுறவுக்கு, ஒரே இனத்துக்குப் பதில் பல இனங்கள் சேர்ந்த தொகுப்புக்கு உரிமை தருவது அதன் அடிப்படை. அந்தத் தொகுப்பில் பாசியும் இடம்பெற்று, பறிக்கும் பெண்களே கூட்டுறவின் உறுப்பினர்களானால், இடைத்தரகர் இல்லாமல் உணவுக்கும் விற்பனைக்கும் அவர்களே முடிவெடுக்கலாம்.

மன்னார் வளைகுடா சொல்லித் தருவது

பாசி பறிக்கும் தமிழ்ப் பெண்களைப் பார்க்க வேண்டுமானால் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போக வேண்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எடுத்து வருகிறவர்கள் அவர்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் தேசியப் பூங்காவானபோது அவர்களுடைய பழைய பறிப்பிடங்களே தடைப்பகுதிகளாயின. அவர்கள் சங்கம் கூடி, மாதத்தில் சில நாட்கள் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்குள் இறங்குவதில்லை என்று தாமே வரம்பு வகுத்தார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது.

அதே கடலில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டி மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, மூங்கில் மிதவைகளில் வளர்க்கக் கொண்டுவரப்பட்டது. பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. ஆனால் குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்து அவற்றை மூடியது. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல் சூடேறியபோது பெருமளவில் செத்தும் போனது. சான்சிபாரிலும் பெண்கள் 1989 முதல் பாசி பயிரிடுகிறார்கள். அங்கேயும் நல்ல விலை போகும் வகை சூடான ஆழமற்ற நீரில் அழுகிவிடுவதாகப் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். குவாசூலு-நட்டாலில் பாசி வளர்க்க யோசிப்பவர்கள் அயல் இனத்தைக் கடலில் விடக் கூடாது. கரையில் தொட்டி கட்டி உள்ளூர் உல்வாவை வளர்ப்பதே இங்கே பொருந்தும். அதற்கான அறிவு இந்த நாட்டிலேயே கைவசம் இருக்கிறது.

தட்டில் எவ்வளவு

பாசியின் சத்தைப் பற்றி ஊதிப் பெருக்கிச் சொல்கிறவர்கள் அதிகம். பறித்த பாசியில் பெரும்பகுதி நீர். உலர்ந்த எடைக்குச் சொல்லப்படும் புரதக் கணக்கைப் பார்த்துப் பருப்புக்குப் பதிலாகப் பாசி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பருப்போடு சேரும் கீரையின் இடம்தான் அதற்கு. நார்ச்சத்து, இரும்பு, மெக்னீசியம் ஆகியவற்றில் அது நல்ல கீரை. இலேசான உப்புச் சுவையுள்ள உல்வாவை மூன்று நான்கு முறை அலசி, மணல் போக்கி, பொடியாக நறுக்கி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்து வெந்த பருப்பில் கடைசியில் சேர்த்துக் கிளறினால் போதும். உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். உலர்த்திப் பொடித்தால் வடை மாவிலும் சேரும். அமடும்பே என்னும் சேப்பங்கிழங்கின் இலையைச் சுருட்டி அவித்துப் பொரிக்கும் டர்பன் கைகளுக்கு இது புதிய வித்தையல்ல.

கெல்ப்பில் எச்சரிக்கை வேண்டும். அதில் அயோடின் மிகுதி. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான், ஒரு கிராம் உலர்ந்த கெல்ப்பிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கும். இந்த நாட்டில் 1995 முதல் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயம். எனவே அயோடினுக்காகக் கெல்ப் தேடத் தேவையில்லை; தைராய்டு கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடாமலிருப்பது நல்லது. சைவர்களுக்கான பி12 சத்து பாசியில் கிடைக்கும் என்பதையும் நம்பியிருக்கக் கூடாது. உடலுக்குப் பயன்படாத போலி வடிவமும் அதில் கலந்திருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தண்ணீர். உல்வா கழிவு நீரின் சத்தை உறிஞ்சிச் செழிக்கும் பாசி என்று மேலே சொன்னேன். பண்ணை வாய்க்காலில் அது வரம். சாக்கடை கலக்கும் ஆற்று முகத்துவாரத்தில் அதே குணம் ஆபத்து. கன உலோகங்களையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நட்டாலில் 430க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் நீரேற்று நிலையங்களும் சேதமடைந்து, சுத்திகரிக்காத கழிவு ஆறுகள் வழியே கடலில் கலந்தது. கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலைக் கலவரத்தில் வேளாண் இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, நஞ்சு ஓஹ்லாங்கா முகத்துவாரம் வரை போய் மீன்கள் செத்து மிதந்தன. அப்படிப்பட்ட நீரில் மிகப் பச்சையாக, மிகச் செழிப்பாக வளர்ந்து நிற்கும் பாசிதான் மிகத் தவிர்க்க வேண்டிய பாசி. ஆற்று வாய், கழிவுக்குழாய், துறைமுகம் ஆகியவற்றின் அருகே பறித்த எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

நகராட்சி கடற்கரை நீரைச் சோதிப்பது குளிப்பவர்களுக்காக. கிருமி எண்ணிக்கை பார்த்துக் கொடி ஏற்றுவதோடு அது முடிகிறது. உணவுக்கான சோதனை வேறு: பாசியையே எடுத்து ஈயம், காட்மியம், ஆர்செனிக் அளவு பார்க்க வேண்டும், பருவம் மாறும்போது திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கான கூடங்களும் ஆய்வாளர்களும் டர்பன் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். நம் கோயில் சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இந்தச் சோதனையை நகராட்சியிடம் கேட்க வேண்டும். முடிவுகளை ஆங்கிலத்தோடு ஜூலுவிலும் வெளியிடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் பாறைக்கு இறங்கிச் சிப்பி எடுக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஜூலு பேசுகிறவர்கள். உரிமைத் தொகுப்பில் பாசியைச் சேர்க்கக் கோரும் மனுவும் அவர்களோடு சேர்ந்து போட வேண்டிய மனுதான்.